வீட்டில் பிள்ளை பார்க்க லைசென்ஸ் வேண்டுமா? ஒன்ராறியோச் சட்டத்தின் தலைக்கணக்கு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஸ்காபரோவில் இருந்து ஒரு இளம் தாய் கேட்டிருக்கிறார். வீட்டில் அயலவரின் 4 பிள்ளைகளைப் பார்க்கிறார். அதில் 2 பேர் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். சொந்தத்தில் மூன்றரை வயது மகனும் 7 வயது மகளும் இருக்கிறார்கள். இப்போது மேல்மாடிக் குடும்பம் தங்கள் 14 மாதக் குழந்தையையும் பார்க்கச் சொல்லிக் கேட்கிறது. "ஐந்து பிள்ளை வரைக்கும் பிரச்சினை இல்லை, சொந்தப் பிள்ளை கணக்கில் வராது என்று ஒரு ஆள் சொல்கிறார். புதுச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் பிள்ளை பார்ப்பதே குற்றம் என்று இன்னொரு ஆள் சொல்கிறார். கணவருக்கு இரவு வேலை, பகலில் வீட்டில்தான் நிற்பார். இரண்டு பேர் இருந்தால் பத்துப் பிள்ளை பார்க்கலாமா?"

தங்கச்சி, முதலில் உங்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, லைசென்ஸ் இல்லாமல் நீங்கள் இப்போது செய்வது சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால் உங்கள் வீடு நிறைந்துவிட்டது. மேல்மாடிக் குழந்தையை இப்போதைக்கு எடுக்க முடியாது. கணவர் வீட்டில் நிற்பதால் அந்த எண்ணிக்கை அதிகரிக்காது. ஏன் என்று விளக்குகிறேன். நான் வீட்டுப் பிள்ளைப் பராமரிப்பை நடத்தும் ஒரு ஏஜென்சியில் பல வருடம் ஹோம் விசிட்டராக வேலை செய்தவள். வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. அதிலும் நம் ஆக்களின் வீடுகள் கனக்க.

உங்களுக்குச் சொன்ன முதல் ஆள் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது பழைய சட்டம். 1946-இல் வந்த சட்டத்தின்படி லைசென்ஸ் இல்லாதவர் 10 வயதுக்கு உட்பட்ட 5 பிள்ளைகள் வரை பார்க்கலாம், சொந்தப் பிள்ளைகளை எண்ணத் தேவையில்லை. நம் சனம் வந்து இறங்கிய எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அதுதான் நடைமுறை. அம்மாவிடமிருந்து மகளுக்கும் அக்காவிடமிருந்து தங்கைக்கும் அந்தக் கணக்கு வாய்வழியாக வந்துவிட்டது. சட்டம் மாறிய செய்தி மட்டும் அதே வழியில் வந்து சேரவில்லை.

மாறியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2013 ஜூலையில், ரொறன்ரோவுக்கு வடக்கே வாகன் நகரில், லைசென்ஸ் இல்லாத ஒரு வீட்டுப் பராமரிப்பில் இருந்த இரண்டு வயதுப் பெண்குழந்தை கடும் வெயிலில் காருக்குள் விடப்பட்டு இறந்துபோனது. ஐந்து பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாத அந்த இடத்தில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தது பிறகுதான் தெரிய வந்தது. அதற்கு முன்பே கல்வி அமைச்சுக்கு முறைப்பாடுகள் போயிருந்தன. எல்லாவற்றையும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. மாகாணத்தின் ஒம்புட்ஸ்மன் (அரசு அமைப்புகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரி) விசாரித்து, 2014 ஒக்டோபரில் 113 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார். அந்த வருடக் கடைசியில் சட்டமன்றம் புதுச் சட்டத்தை நிறைவேற்றியது. 2015 ஓகஸ்ட் 31 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பிள்ளைப் பராமரிப்பு மற்றும் ஆரம்ப வருடங்கள் சட்டம், 2014 என்பது அதன் பெயர். நடைமுறை விதிகள் 137/15 என்ற ஒழுங்குவிதியில் இருக்கின்றன. நீங்கள் கேள்விப்படும் "புதுச் சட்டம்" இதுதான். 2019-இல் இதில் எண்ணிக்கைகள் கொஞ்சம் மாறின. ஆகவே 2016-இல் வகுப்புக்குப் போய்ப் படித்தவர்கள் சொல்லும் கணக்கும் இன்று முழுக்கச் சரியில்லை.

இன்றைய கணக்கு இது. லைசென்ஸ் இல்லாத வீட்டில் 13 வயதுக்கு உட்பட்ட 5 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த ஐந்துக்குள் 2 வயதுக்கு உட்பட்டவர்கள் 3 பேருக்கு மேல் கூடாது. சொந்தப் பிள்ளை 4 வயதுக்குக் குறைந்தால் அதுவும் கணக்கில் சேரும். 4 வயது ஆனதும் கணக்கை விட்டு வெளியே போய்விடும். உங்கள் மகளுக்கு 7 வயது, அவரை எண்ண வேண்டாம். மகனுக்கு மூன்றரை, அவரை எண்ண வேண்டும். அயலவர் பிள்ளைகள் 4, மகன் 1, ஆக 5. வீடு நிறைந்தது. மகனுக்கு 4 வயது ஆகும் நாளில் ஒரு இடம் காலியாகும். அன்றைக்கு மேல்மாடிக் குழந்தையை எடுத்தால் 2 வயதுக்கு உட்பட்டவர்கள் 3 பேர் ஆவார்கள். அதுவும் எல்லைக்குள்தான்.

இந்த எண்ணிக்கை வீட்டுக்கு உரியது. வீட்டில் எத்தனை பெரியவர்கள் நிற்கிறார்கள் என்பது கணக்கே இல்லை. கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து பத்து என்பது நம் இடத்தில் மிக அதிகமாக நடக்கும் பிழை. மேலே ஐந்து, பேஸ்மென்டில் ஐந்து என்று பிரித்து வைத்திருந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். இன்னொரு பிழை, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். "அவன் மூன்றரைக்கு வந்து ஐந்துக்குப் போய்விடுவான், அது ஒரு கணக்கா?" என்று கேட்பார்கள். அவனுக்கு 8 வயது என்றால் 13-க்கு உட்பட்டவன். அவன் வாசலால் உள்ளே வரும் நேரம் வீட்டில் ஐந்து தலை இருந்தால், அந்த ஒன்றரை மணித்தியாலமும் மீறல்தான். பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் அம்மம்மாவும், ஒரு குடும்பத்தின் வீட்டுக்கே போய் அந்த வீட்டுப் பிள்ளையைப் பார்க்கும் ஆன்ட்டியும் வேறு. அவர்களுக்கு லைசென்ஸ் பேச்சே இல்லை.

தலையை எண்ணுவதில் என்ன இருக்கிறது, அன்பாகப் பார்த்தால் போதாதா என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. நான் ஒரு பதில்தான் சொல்வேன். நடுப்பகல், பிள்ளைகள் நித்திரை, சமையலறையில் புகை எழும்புகிறது. உங்களுக்கு இரண்டு கைதான். ஒரு கைக்குழந்தை ஒரு கையில், மற்றது மறு கையில். மூன்றாவதை எப்படித் தூக்குவீர்கள்? நடக்கத் தெரிந்தவன் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு வருவான். நடக்கத் தெரியாதது கட்டிலிலேயே கிடக்கும். அதனால்தான் 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிக் கணக்கு. முன்பு 2 பேர்தான் என்றிருந்ததை 2019-இல் 3 ஆக்கினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூன்று கைக்குழந்தையை ஒரு ஆள் பார்ப்பது மிகவும் கஷ்டம். சட்டம் விடுகிறது என்பதற்காக நீங்கள் மூன்றுக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை.

லைசென்ஸ் இல்லாதவருக்குச் சட்டம் ஒன்றுமே சொல்லவில்லை என்று நினைக்க வேண்டாம். உங்களிடம் லைசென்ஸ் இல்லை என்பதைப் பிள்ளையை ஏற்க முன்பே பெற்றோருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கான பதிவை 2 வருடம் வைத்திருக்க வேண்டும். வாயால் சொல்வது போதாது. கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும். கையில் காசு, சீட்டு இல்லை என்ற பழக்கம் பெற்றோருக்கும் நட்டம். 7 வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளைக்கு வருடம் 8,000 டொலர் வரை பராமரிப்புச் செலவை அவர்கள் வரிக் கணக்கில் கழிக்கலாம், அதற்கு உங்கள் சீட்டு வேண்டும். பிள்ளை உங்களிடம் இருக்கும்போது பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம், மறிக்கக் கூடாது.

மீறினால்? அமைச்சின் அமலாக்கப் பிரிவு முறைப்பாடு வந்தால் சொல்லாமல் வரும். நிர்வாகத் தண்டமே 100,000 டொலர் வரை போகலாம். வழக்குப் போட்டு நிரூபித்தால் 250,000 டொலர் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸ் இல்லாமல் பார்த்து விதியை மீறியவர்களின் விபரத்தை அமைச்சு இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுகிறது. எங்கள் சமூகத்தில் அதுதான் அபராதத்தை விடப் பெரிய அடி.

சரி, லைசென்ஸுக்கு வருவோம். நம் ஆக்கள் இங்கேயும் குழம்புகிறார்கள். "என் வீட்டுக்கு லைசென்ஸ் எடுத்திருக்கிறேன்" என்று சொல்லும் அக்காமாரிடம் வடிவாகக் கேட்டால், லைசென்ஸ் ஏஜென்சியின் பெயரில் இருக்கும். லைசென்ஸ் பெற்ற ஏஜென்சியோடு நீங்கள் ஒப்பந்தம் செய்கிறீர்கள், அதன்மூலம் உங்கள் வீடு லைசென்ஸ் பெற்ற பராமரிப்பு ஆகிறது. நீங்கள் சுயதொழில் செய்பவராகவே இருப்பீர்கள். அப்படிச் சேர்ந்தால் 5 என்பது 6 ஆகும். 2 வயதுக்கு உட்பட்டவர்கள் அப்போதும் 3 பேர்தான். உங்கள் கணக்கில் 4, மகன் 1, மேல்மாடிக் குழந்தை 1, ஆக 6. மகனின் பிறந்தநாள் வரை காத்திருக்காமலே அந்தக் குழந்தைக்கு இடம் கிடைக்கும்.

ஏஜென்சியோடு சேர உங்களுக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், குழந்தைகளுக்கான சிபிஆரும் (மூச்சு நின்றால் செய்யும் உயிர்காப்பு) சேர்ந்த முதலுதவிப் பயிற்சி, மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசிப் பதிவு வேண்டும். பிறகு பொலிஸ் பரிசோதனை. அது உங்களுக்கு மட்டும் இல்லை, வீட்டில் வசிக்கும் வயது வந்த எல்லோருக்கும். இந்த இடத்தில்தான் பல வீடுகளில் சத்தம் வரும். "எனக்கு எதுக்கு பொலிஸ்?" என்று மாமனார் கோபிப்பார். பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் தம்பியும் முகம் சுழிப்பார். அவர்கள் மேல் சந்தேகம் என்று எடுக்க வேண்டாம். பிள்ளையை விட்டுப் போகும் தாய்க்கு அவர்களைத் தெரியாது, அவ்வளவுதான்.

பிறகு ஹோம் விசிட்டர் வருவார். ஒவ்வொரு காலாண்டிலும் ஒரு தடவையாவது, முன்னறிவிப்பு இல்லாமல். நான் அப்படிப் போன வீடுகளில் ஒன்றைச் சொல்கிறேன். மிகத் துப்புரவான வீடு. அலமாரிகளுக்குப் பூட்டு, படிக்கு கேட், மின் ஓட்டைகளுக்கு மூடி, எல்லாம் இருந்தது. மருந்துப் பெட்டி மேல்தட்டில் பூட்டியபடி. எல்லாவற்றுக்கும் சரி போட்டுக்கொண்டு வந்தேன். வரவேற்பறைச் சோபாவின் ஓரத்தில் அந்தப் பெண்ணின் மாமியாருடைய கைப்பை வாய் திறந்தபடி கிடந்தது. உள்ளே கிழமைக்குரிய ஏழு பெட்டி மாத்திரை டப்பா. பிரஷருக்கும் சுகருக்கும் எடுப்பவர். குலுக்கினால் கிலுகிலு என்று சத்தம் கேட்கும், இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது கிலுகிலுப்பை. அந்த வீட்டுப் பெண் வெளிறிப்போய் நின்றார். அவர் கவனயீனமானவர் இல்லை. தன் பொருட்களைப் பூட்டியவருக்கு மாமியின் பை கண்ணில் படவில்லை. ஆகவே உங்கள் வீட்டைச் சரிபார்க்கும்போது நின்று பார்க்காதீர்கள். முழங்காலில் இருந்து, பிள்ளையின் கண் மட்டத்தில் வீடு முழுக்க ஒருதரம் ஊர்ந்து பாருங்கள். சாமித்தட்டில் எரியும் விளக்கு, பக்கத்தில் தீப்பெட்டி, சமையலறை மேசை விளிம்பில் தேநீர்க் கோப்பை, எல்லாம் அப்போதுதான் தெரியும்.

நம் பழக்கங்களோடு மோதும் மூன்று விஷயங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒன்று நித்திரை. 12 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை நிமிர்த்தி, முதுகு படுக்கையில் படும்படிதான் படுக்க வைக்க வேண்டும். கனடாவின் பாதுகாப்பு விதிகளுக்கு அமைந்த கட்டிலில். சேலையில் கட்டிய ஏணையில் ஆட்டி நித்திரையாக்கும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு, நானும் ஏணையில் வளர்ந்தவள்தான். ஆனால் ஏணையில் குழந்தையின் தாடை நெஞ்சில் மடிந்து மூச்சு அடைபடலாம். இந்த வேலையில் அதற்கு இடமில்லை. அதைப் போலவே தடித்த போர்வையும் தலையணையும். நித்திரைக் குழந்தையை இடையிடையே பக்கத்தில் போய் நின்று நேரில் பார்க்க வேண்டும், சத்தம் கேட்கும் மொனிட்டர் மட்டும் போதாது. ஊரிலிருந்து யாராவது சில்லுப் பூட்டிய குழந்தை வோக்கர் அனுப்பியிருந்தால் அதையும் வெளியே எடுங்கள். 2004-இலேயே கனடா அதை முற்றாகத் தடை செய்துவிட்டது, பழையதை விற்பதும் கூடாது.

இரண்டாவது சாப்பாடு. இதை நான் மெதுவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் அன்பைக் காட்டுவதே சாப்பாட்டில்தான். "அவள் சாப்பிடமாட்டாள் அக்கா, கொஞ்சம் பிடித்துத் தீத்திவிடுங்கோ" என்று தாயே சொல்லிவிட்டுப் போவார். லைசென்ஸ் பெற்ற பராமரிப்பில் பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாகச் சாப்பிடவோ குடிக்கவோ வைப்பது தடை செய்யப்பட்ட செயல். ஒழுங்குவிதி அதை அடிப்பதோடு சேர்த்து ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது. நிலாக் காட்டி, கதை சொல்லித் தீத்துவதில் பிழையில்லை. கன்னத்தைப் பிடித்து வாய்க்குள் திணிப்பது கூடாது. எழும்பி ஓடாமல் இருக்க உயர்நாற்காலியில் பட்டி போட்டு இருத்திவிட்டுச் சமைக்கப் போவதும் அதே பட்டியலில் வரும். ஒரு பிள்ளை வாயை இறுக்கி மூடித் தலையைத் திருப்பும்போது அது கதைக்கிறது. கதைக்கத் தெரியாத வயதில் அதற்கு இருக்கும் ஒரே சொல் அதுதான். தாயிடம் பின்னேரம் "இன்றைக்கு மூன்று வாய்தான் சாப்பிட்டாள்" என்று உண்மையைச் சொல்லுங்கள்.

மூன்றாவது வெளியே கொண்டுபோவது. 6 மணித்தியாலம் அல்லது அதற்கு மேல் உங்களிடம் இருக்கும் பிள்ளை, காலநிலை இடம்கொடுத்தால், ஒரு நாளில் 2 மணித்தியாலம் வெளியே விளையாட வேண்டும். மாசியிலும்தான். "சளி பிடிக்கும், கொண்டுபோகாதீங்கோ" என்று பெற்றோர் கேட்பார்கள். ஸ்னோ பேன்ட்ஸ், கையுறை, தொப்பி கொண்டுவந்து தரச் சொல்லி முதல் நாளே கேட்டு வாங்குங்கள். ஐந்து பேருக்குச் சப்பாத்துப் பூட்டி முடிக்க 20 நிமிடம் எடுக்கும், அது வேலையின் ஒரு பகுதி.

காசு பற்றி. 2022 மார்ச்சில் மத்திய அரசும் ஒன்ராறியோவும் ஒப்பந்தம் செய்து 6 வயதுக்கு உட்பட்டவர்களின் கட்டணத்தைக் குறைக்கத் தொடங்கின. 2025 ஜனவரி 1 முதல், இந்தத் திட்டத்தில் சேர்ந்த இடங்களில் பெற்றோர் கொடுக்கும் அடிப்படைக் கட்டணம் நாளுக்கு 22 டொலருக்கு மேல் இருக்கக் கூடாது. மீதியை அரசு ஈடுசெய்கிறது. இது லைசென்ஸ் பெற்ற இடங்களுக்கு மட்டும். லைசென்ஸ் இல்லாத வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு சதமும் இல்லை. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான மாநகராட்சி உதவியும் லைசென்ஸ் பெற்ற இடங்களுக்கே போகிறது. இன்றைக்கு உங்களுக்கு 40 டொலர் தரும் தாய், ஏதாவது ஒரு இடத்தில் 22 டொலருக்கு இடம் கிடைத்தால் போய்விடுவார். அவரில் பிழை சொல்ல முடியாது. இந்த வேலையை ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் செய்ய நினைத்தால் ஏஜென்சியோடு சேருங்கள் என்று நான் சொல்வதற்கு இது பெரிய காரணம். ஏஜென்சி தன் பங்கை எடுக்கும். எவ்வளவு, பிள்ளை சுகமில்லாமல் வராத நாளுக்குக் காசு உண்டா, உங்கள் விடுமுறைக்கு என்ன, எல்லாவற்றையும் கையெழுத்து வைக்க முன்பு கேளுங்கள். இரண்டு மூன்று ஏஜென்சியோடு கதைத்துப் பாருங்கள். திட்டத்தில் சேர்ந்த ஏஜென்சியா என்பதை முதலாவதாகக் கேளுங்கள்.

சிலர் இதைப் பார்த்துவிட்டு "பிறகு பெரிய சென்டராகவே திறக்கலாமே" என்பார்கள். அது வேறு உலகம். 18 மாதத்துக்கு உட்பட்டவர்களில் 10 பேருக்கு 3 பணியாளர், 18 முதல் 30 மாதம் வரை 5 பேருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட பாலர்களுக்கு 8 பேருக்கு ஒருவர். பதிவு பெற்ற ஆரம்பக் கல்வியாளர்கள் வேண்டும், இரண்டு வருட அனுபவமுள்ள சூப்பர்வைசர் வேண்டும், தீயணைப்பு, சுகாதாரம், நகரத்தின் சோனிங் (எந்த இடத்தில் என்ன நடத்தலாம் என்ற விதி) என்று ஒவ்வொன்றாக அனுமதி எடுக்க வேண்டும். வீட்டு பேஸ்மென்டைத் திருத்திச் செய்கிற வேலை இல்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. மேல்மாடித் தாயிடம் இன்றைக்கே உண்மையைச் சொல்லுங்கள், அவர் வேறு இடம் தேட நேரம் கொடுங்கள். சென்டர்களில் பெயர் பதிய யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 2016 செப்டம்பர் முதல் காத்திருப்புப் பட்டியலுக்குக் காசு வாங்க லைசென்ஸ் பெற்ற இடங்களுக்கு அனுமதி இல்லை. பிறகு உங்கள் 4 பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒரு தாளில் எழுதுங்கள்: "இந்தப் பிள்ளைப் பராமரிப்பு ஒன்ராறியோ அரசின் லைசென்ஸ் பெற்றதல்ல." இதை ஆங்கிலத்திலும் எழுதித் தேதி போட்டு, அவர்களின் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை நீங்கள் வைத்திருங்கள். இதை முதல் நாளே கொடுத்திருக்க வேண்டும், இனியும் பிந்த வேண்டாம். எழுதும்போது அவர்களின் முகத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். இப்படிச் சொன்னதற்காகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன தாயை நான் ஒரு தடவைகூடக் கண்டதில்லை. வீட்டில் மாமியார் இருந்தால், அவருடைய கைப்பைக்குச் சுவரில் உயரமாக ஒரு கொக்கி அடித்துக் கொடுங்கள்.